மாதா ஹரியின் காதலர் விமானியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த போர்க்காலக் காதல்கள் கட்டுரையில், முதல் உலகப்போரில் ஜெர்மன் உளவாளி என்று பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டியக்காரி மாதா ஹரியையும், அவருடைய காதலரான ரஷ்ய அதிகாரி வதீம் மஸ்லோவையும் பற்றிய பகுதி விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் சில இடங்களில் தகவல் பிசகியிருக்கிறது. ஓரிடத்தில் நம் ஊரே தவறாக இழுக்கப்பட்டிருக்கிறது.

'ஆகாயச் சண்டையில் கண் இழந்த விமானி' என்று மஸ்லோவை அறிமுகம் செய்கிறார் கட்டுரையாளர். வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மஸ்லோவின் படைப்பிரிவாக மாதா ஹரி மீதான பிரெஞ்சு வழக்குக் கோப்பில் வருவது முதலாவது சிறப்பு ரஷ்ய ரெஜிமென்ட். 1916 ஏப்ரலில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய ரஷ்யப் பிரிகேடில் இருந்த இரண்டு ரெஜிமென்ட்களில் அது ஒன்று. இரண்டுமே காலாட்படை. ஷாம்பேன் பகுதியின் மாய்யி முகாமில் பயிற்சி எடுத்துவிட்டு, அங்கேயே பதுங்குகுழிகளுக்குப் போனவர்கள். ஏப்ரலில் கப்பலை விட்டு இறங்கிய காலாட்படைக் கேப்டன், சில மாதங்கள் பிடிக்கும் விமானப் பயிற்சியை முடித்து, போர்முனைக்குப் போய், அந்தக் கோடைக்குள் ஆகாயத்தில் சண்டையிட்டுக் காயமும் பட்டார் என்றால் கணக்கு இடிக்கிறது.

அந்தக் காலத்து விமானியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. பிரெஞ்சு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ஒவ்வொன்றுக்கும் ஓட்டிய விமானத்தின் முதலெழுத்தோடு ஓர் எண் சேர்ந்த பெயர் இருக்கும்: நியூபோர் என்றால் 'என்', கௌட்ரோன் என்றால் 'சி', ஸ்பாத் வந்தபின் 'எஸ்பிஏ'. பிரெஞ்சுப் படையில் பறந்த ரஷ்யர்களும் இதில் அடக்கம். 1916இல் வெர்தூன் வானில் கௌட்ரோன் ஓட்டிய விக்டர் ஃபியோதரொவ் 'சி 42' ஆள். ஒருவரை விமானி என்று எழுதினால் ஸ்குவாட்ரன் எண், விமான வகை, விமானி உரிமம் பெற்ற நாள் ஆகிய மூன்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். கட்டுரையில் மஸ்லோவுக்கு மூன்றும் இல்லை.

அப்படியானால் விமானம் எப்படிக் கதைக்குள் வந்தது? எங்கள் ஊகம் இது. கண்ணில் அடிபட்ட மஸ்லோவைப் பார்க்க மாதா ஹரி போக விரும்பிய ஊர் விட்டேல். வோஜ் பகுதியில் ஊற்று நீருக்குப் பெயர்போன ஊர். போரில் அதன் ஓட்டல்கள் ராணுவ மருத்துவமனைகளாகிவிட்டன. ஐந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள கோந்த்ரெக்ஸவீலில் அப்போது ராணுவ விமானத்தளம் தயாராகிக்கொண்டிருந்தது. நடுநிலை நாடான நெதர்லாந்தின் பாஸ்போர்ட்டோடு, ஐரோப்பா முழுக்க அதிகாரிகளோடு பழகிய நாற்பது வயது நாட்டியக்காரி அந்தப் பக்கம் போகக் கேட்டால், பிரெஞ்சு உளவுத்துறை எதை நினைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காதலனுக்கும் விமானத்துக்கும் முடிச்சுப் போட அந்தத் தளம் ஒன்றே போதும்.

உண்மையில் இந்தக் காதல் திசைமாறிய இடம், விட்டேல் போக அவர் கேட்ட அனுமதிச்சீட்டுதான். கட்டுரை அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. விட்டேல் 'படைகளின் மண்டலம்' எனப்பட்ட பகுதிக்குள் இருந்தது. அயல்நாட்டார் அங்கே நுழையத் தனி அனுமதி வேண்டும். அதற்காகப் பாரிஸின் சேன்-ழெர்மேன் பெருஞ்சாலை 282ஆம் எண் கட்டடத்துக்குப் போனவர், எதிர் உளவுத் தலைவர் கேப்டன் ஜார்ஜ் லாதூவின் எதிரே போய் உட்கார்ந்தார். லாதூ அனுமதியும் கொடுத்தார், பிரான்சுக்கு உளவு பார்க்கிறாயா என்ற கேள்வியையும் போட்டார். 1916 செப்டம்பரின் முதல் பாதியை மஸ்லோவோடு விட்டேலில் கழித்துவிட்டு வந்து சம்மதம் சொன்னார் மாதா ஹரி. அவர் கேட்ட விலை 10 லட்சம் பிராங்க். மஸ்லோவை மணந்துகொண்டு, இன்னொருவர் தயவில் வாழாமல் இருக்க அந்தப் பணம் என்பது அவர் சொன்ன காரணம். பேராசை என்று கட்டுரை சொல்கிறது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கடனில் மூழ்கியிருந்த பெண் போட்ட கல்யாணக் கணக்கு அது.

இதற்கு முன்பே ஜெர்மானியரிடம் பணம் வாங்கியிருந்தார் என்பதும் உண்மை. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஜெர்மன் கான்சல் கிரேமர் 20,000 பிராங்கும், எச்21 என்ற குறியீட்டுப் பெயரும், ரகசிய மையில் எழுத மூன்று குப்பிகளும் கொடுத்தார். 1917 மே மாத விசாரணையில் மாதா ஹரியே சொன்னது இது. முதல் குப்பியில் நிறமற்ற திரவம், தாளை நனைக்க. இரண்டாவதில் பச்சை சாயலில் எழுதும் மை. மூன்றாவதும் நிறமற்றது, எழுதிய தடத்தை அழிக்க. தாளை எதற்கு நனைக்க வேண்டும்? மை பட்ட இடத்தில் மட்டும் தாளின் இழைகள் கலைந்திருக்கும். அயோடின் ஆவி காட்டினால் அந்த இடம் தனியாகத் தெரிந்துவிடும். தாள் முழுவதும் நனைந்து காய்ந்திருந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலக் கலைந்திருக்கும், அயோடினுக்கு வித்தியாசம் தெரியாது. குப்பிகளைக் கால்வாயில் கொட்டிவிட்டேன், பணம் 1914இல் பெர்லினில் பறிபோன என் ரோம அங்கிகளுக்கு ஈடு என்றார் மாதா ஹரி. நீதிபதிகள் நம்பவில்லை.

லாதூவிடம் சம்மதம் சொன்னபின் மாதா ஹரி ஹாலந்துக்குக் கிளம்பியதைப் பற்றி, 'நேரே ஹாலந்துக்குப் போகாமல் ஸ்பெயினைச் சுற்றியதே சந்தேகத்துக்கு இடம்' என்று கட்டுரையில் எழுதியிருப்பது தவறு. இடையில் இருந்த பெல்ஜியம் ஜெர்மானியர் வசம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போக ஸ்பெயினுக்கு ரயில், அங்கிருந்து டச்சுக் கப்பல் என்பது வழக்கமான பாதைதான். வழியில் பிரிட்டிஷ் துறைமுகத்தில் கப்பலைச் சோதனை போடுவார்கள். 1916 நவம்பரில் ஃபால்மத்தில் அப்படித்தான் மாட்டினார். கிளாரா பெனடிக்ஸ் என்ற வேறொரு ஜெர்மன் உளவாளி இவர்தான் என்று நினைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 'நான் பிரான்சுக்காக வேலை செய்கிறேன்' என்று லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் சொன்னார். லாதூ கைகொடுக்கவில்லை. திரும்பவும் ஸ்பெயினுக்கே அனுப்பிவிட்டார்கள்.

மாட்ரிடில் ஜெர்மன் ராணுவ அதிகாரி கல்லேயைத் தானாகவே போய்ப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். டிசம்பர் நடுவிலிருந்து கல்லே பெர்லினுக்கு அனுப்பிய வானொலித் தந்திகளை ஈஃபிள் கோபுர நிலையம் பிடித்தது. எச்21 மாட்ரிட் வந்திருப்பது, ஆங்கிலேயர் திருப்பி அனுப்பியது, பணத்தை எந்த வேலைக்காரி வழியாகக் கொடுப்பது என்பதுவரை அதில் இருந்தது. அந்த வேலைக்காரியின் பெயரும் ஊரும்கூட! உளவுத்தந்தியில் ஆளை அடையாளம் காட்டும் விவரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது பாலபாடம். அந்தச் சங்கேதத்தைப் பிரெஞ்சுக்காரர் ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். அது தெரிந்தே, வேலைக்கு ஆகாத ஆளைக் கழற்றிவிட ஜெர்மானியர் அப்படி அனுப்பினார்கள் என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

1917 பிப்ரவரி 13 கைது, ஜூலை 24, 25இல் மூடிய அறையில் ராணுவ நீதிமன்ற விசாரணை, அக்டோபர் 15 காலை பாரிஸை அடுத்த வென்சேனில் மரணதண்டனை. கட்டுரை தந்த தேதிகள் சரி. ஆனால் 'நீதிமன்றத்தில் கண்ணீரோடு சாட்சி சொன்ன காதலன்' எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. மஸ்லோவ் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. அவருடைய எழுத்து வாக்குமூலத்தில், தமக்கு அது பெரிய உறவு ஒன்றுமில்லை என்றே இருந்தது. மாதா ஹரி சுடப்பட்ட சில நாட்களில் லாதூவே உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, பிறகு விடுவிக்கப்பட்டதையும் சேர்த்திருக்கலாம்.

கடைசியாக, படத்துக்குக் கீழே உள்ள 'நம் மண்ணில் பிறந்து ஆடல் கற்ற' என்ற வரி. மாதா ஹரி என்றதும் நமக்குத் தாயும் திருமாலும் நினைவுக்கு வரலாம். அது மலாய்ச் சொல்: மாதா என்றால் கண், ஹரி என்றால் நாள், நாளின் கண், அதாவது சூரியன். அவர் 1876 ஆகஸ்ட் 7இல் நெதர்லாந்தின் லேவார்டனில் பிறந்த மார்கரெதா ஸெல்லே. டச்சு ராணுவ அதிகாரியைக் கட்டிக்கொண்டு ஜாவாவிலும் சுமத்ராவிலும் சில ஆண்டுகள் இருந்தவர். 1905 மார்ச் 13இல் பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் சிவன் சிலை முன்னால் ஆடிய பிறகு, தான் மலபார்க் கரையிலுள்ள யாழ்ப்பாணப்பட்டணத்தில் பிறந்ததாகவும், அம்மா கந்தசாமி கோயில் நாட்டியக்காரி என்றும் கதை கட்டினார். யாழ்ப்பாணத்தை மலபாரில் வைத்தது வெறும் உளறல் அல்ல என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட டச்சுக்காரர்கள் அங்குள்ள தமிழரையும் மலபார்கள் என்றே எழுதினார்கள். 1672இல் வெளிவந்த பாதிரியார் பால்டேயுஸின் நூலில் தமிழ் எழுத்துக்கள் மலபார் எழுத்துக்கள் என்றே தரப்பட்டிருக்கின்றன. பழைய டச்சு வழக்கு எப்படியோ அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இணையப் பதிப்பில் அந்தப் பட வரியையும் 'விமானி' என்ற சொல்லையும் திருத்திவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதல் உலகப்போர் வரலாற்று வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி