‘சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்’ என்று பலகை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு

களியக்காவிளையில் தொடங்கி ஆரல்வாய்மொழி வரை சாலையோரத்தில் கருப்பட்டிக் காப்பிக் கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் தொழிலுக்கு எதிரி இல்லை. பனையேறி வீட்டில் பிறந்தவன். காப்பி உள்ளே போகாமல் காலையில் பேப்பரைப் பிரிக்க முடியாதவன். பதினோரு வருஷமாக சுகர் மாத்திரை போடுகிறவன். இந்த மூன்றும் ஒரே ஆளாக இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

போன வருஷம் வேலைக்காக நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டத்துக்குத் தினமும் பைக்கில் போய் வந்தேன். வழியில் ஒரு கடை. ஓலைக் கூரை, மண்பானை, வாசலில் பச்சைப் பலகை. ‘சுத்தமான கருப்பட்டிக் காப்பி. இரும்புச்சத்து நிறைந்தது. சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்.’ அந்தக் கடைசி வரிதான் பைக்கை நிறுத்த வைத்தது. போகும்போது ஒரு கிளாஸ், வரும்போது ஒரு கிளாஸ். அண்ணாச்சி நல்ல பேச்சுக்காரர் என்பதால் பல நாள் இரண்டு மூன்றாகிவிடும். நாலு மாதம் இப்படி. அடுத்த முறை ரத்தம் கொடுத்தபோது மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 7.2-இல் இருந்து 8.6-க்கு ஏறியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “காப்பியை நிறுத்துங்க” என்றார். அவ்வளவுதான். வெளியே இன்னும் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி கேட்டாள்: “காப்பியா கூட்டினது, அதுல போட்டதா?” மறுநாள் அந்தக் கடைக் காப்பியை பிளாஸ்கில் வாங்கிவரச் சொன்னாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பக்கத்தில் பால் சேர்க்காத வெறும் கட்டன் காப்பி போட்டு, அதே இனிப்பு வரும்வரை கருப்பட்டியைத் தட்டித் தட்டிக் கலக்கினாள். எவ்வளவு போனது என்று சமையலறைத் தராசில் எடை போட்டாள். ஒரு கிளாஸுக்கு 22 கிராம். மூன்று கிளாஸ் என்றால் 66. உலக சுகாதார நிறுவனம், நாம் தனியாகச் சேர்க்கிற இனிப்பு மொத்த உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்கிறது. இது பொதுவாக எல்லாருக்கும் சொன்ன கணக்கு, சுகர் உள்ளவர்களுக்கென்று தனியாகச் சொன்னது இல்லை. நான் காப்பியிலேயே அதைத் தாண்டிவிட்டேன். வடையை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, காப்பி என்ன பாவம் செய்தது? அதையும் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1991-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, காப்பி சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஒரு பட்டியலில் போட்டது. 2016-இல் அதே அமைப்பு, போதுமான ஆதாரம் இல்லை என்று அந்தப் பட்டியலில் இருந்து காப்பியை எடுத்துவிட்டது. 2012-இல் அமெரிக்காவில் சுமார் நாலு லட்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. காப்பி குடிக்காதவர்களைவிடக் குடிக்கிறவர்கள் செத்துப்போவது கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஈரல் சுருக்கம், நடுக்குவாத நோய், ஏன், சர்க்கரை நோயே கூட, காப்பி குடிக்கிறவர்களிடம் குறைவாக இருப்பதாக வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் இவை எல்லாம் ஆட்களைக் கவனித்துக் கணக்கெடுத்தவை. காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது என்று சத்தியம் செய்ய முடியாது. சுகர் வராமல் இருப்பது வேறு, வந்தபிறகு குடிப்பது வேறு. வந்தவர்களுக்குக் காப்பியில் உள்ள கஃபீன் அந்த நேரத்துக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யலாம். ஆனாலும் வெறும் காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அளவுக்கு ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கருப்பட்டிக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் விளையில் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுகிற அடுப்பு இருந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி அப்பா இறக்கிக் கொண்டுவருவார். அம்மா அதை வடிகட்டி ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரிப்பாள். முதலில் வெள்ளையாக நுரை பொங்கும். அதை அடக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள். மணிக்கணக்காகக் கொதித்து, நிறம் கறுத்து, துடுப்பு கனக்க ஆரம்பிக்கும். பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். அது கையில் உருண்டு வந்தால் இறக்கி, சிரட்டை சிரட்டையாக ஊற்றிவிடுவாள். அந்த மணம் எங்கள் சட்டையில், பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும்.

இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கொதித்துப் போனது தண்ணீர் மட்டும்தான். இனிப்பு எங்கேயும் போகவில்லை, சிரட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியில் இருப்பதும் அதேதான். மணமும் கொஞ்சம் தாதுச் சத்தும் கூடுதலாக இருக்கின்றன. ஆலையில் வெளுக்கவில்லை. பனையேறிக்கு நாலு காசு போகிறது. இவை எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் வயிற்றுக்குள் போனபிறகு என் உடம்பு அதைப் பனையில் இருந்து வந்ததா கரும்பில் இருந்து வந்ததா என்று விசாரிப்பதில்லை. அதுவும் உங்கள் கைக்கு வருவது அக்கானி மட்டும் காய்ச்சிய கருப்பட்டியாக இருந்தால். சீனிப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் எவ்வளவு ஓடுகிறது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இரும்புச்சத்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு வேடிக்கை. காப்பி, சாயா இரண்டிலும் உள்ள சில பொருட்கள் சாப்பாட்டில் இருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேர விடுவதில்லை. அதனால்தான் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காப்பி, சாயா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அதாவது நீங்கள் கருப்பட்டியில் கொடுப்பதாகச் சொல்லும் கொஞ்சம் இரும்புக்கும் காப்பியே குறுக்கே நிற்கிறது. ரத்தம் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து, பலகையைக் காட்டிக் குடிக்க வைக்கிற அம்மாமார்களை உங்கள் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன்.

அதே வழிகாட்டி, ஒரு நாளைக்குக் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 வரை இருக்கும். எனவே இரண்டு கிளாஸ் தாராளம், மூன்றாவதில் அந்த அளவைத் தாண்டிவிடவும் கூடும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் குறைவு, 200-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. இதில் உங்களிடம் ஒரு கேள்வி. ‘கருப்பட்டிக் காப்பி’ என்று நீங்கள் தருவதில் காப்பித்தூள் இருக்கிறதா? சில கடைகளில் சுக்கு, மல்லி, மிளகு மட்டும்தான். சில கடைகளில் இரண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடிக்கிறவனுக்கு இது பெரிய வித்தியாசம். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் வராமல் நான் மோட்டைப் பார்த்துப் படுத்திருந்த இரவுகளுக்கு, கேட்காமல் குடித்த என்னையும் பாதி குற்றம் சொல்லலாம்.

இன்னொன்று, போடுகிற முறை. தூளைப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, வண்டல் அடியில் தங்கியதும் மேலாக மொண்டு ஊற்றுவதுதான் நம் வழக்கம். நார்வே, பின்லாந்து பக்கமும் பழைய காலத்தில் இப்படித்தான் குடித்திருக்கிறார்கள். வடநார்வேயில் துரோம்சோ என்ற ஊரில் நடந்த ஆய்வு 1983-இல் வெளிவந்தது. காப்பி அதிகம் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பும் அதிகம் இருந்தது. பிறகுதான் காரணம் பிடிபட்டது. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது. கொதிக்க வைத்த காப்பியில் அது அப்படியே கிளாஸுக்கு வந்துவிடும். காகித வடிகட்டியில் பெரும்பாலும் தங்கிவிடும், துணியில் வடித்தாலும் நன்றாகவே குறையும். பானை வாயில் ஒரு நல்ல வடிதுணி கட்ட உங்களுக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

சூடும் அப்படித்தான். துண்டால் பிடித்துக் குடிக்கிற அளவுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பது பெருமை இல்லை. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016-இல் அதே புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புதான் சொன்னது. காப்பியைப் பட்டியலில் இருந்து எடுத்த கையோடு சூட்டைச் சேர்த்தார்கள். இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுங்கள், போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பலகையில் அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள். (சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிற விதிகள் 2018-இல் இருந்தே உண்டு. நான் புகார் கொடுக்கப் போகிறவன் இல்லை, தெரிந்திருக்கட்டும் என்றுதான்.) அப்புறம், இனிப்பைப் பானையிலேயே கலந்துவிடாமல் தனியாக வையுங்கள்.

தனியாக வைத்தால் கருப்பட்டிக் காப்பி என்ற பேர் என்னாவது என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா கொடுத்தது அதுதானே. விடிவதற்கு முன்னால் பனைக்குப் போகும் அப்பாவுக்கு இனிப்பில்லாத கட்டன் காப்பி, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக்கொண்டு குடிப்பார். எங்களுக்கு நகத்தளவு. இன்னொரு துண்டு கேட்டால், “மக்ளே, அது விக்கதுக்கு உள்ளதாக்கும்” என்று பானையை மூடிவிடுவாள். நாக்கில் முதலில் கருப்பட்டி, அதன் மேல் கசப்பு. பால் கலந்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, மண் கப்பில் நுரைக்க நுரைக்கக் கொடுக்கிற எதிலும் அந்த ருசி எனக்குக் கிடைத்ததில்லை. ஐந்து கிராம் துண்டு ஒன்று சின்னத் தட்டில் கட்டன் காப்பியோடு வந்தால், வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துப் போடவும் செய்வார்கள். உங்களுக்குக் கருப்பட்டிச் செலவும் குறையும்.

அந்தப் பச்சைப் பலகைக் கடைக்கு இப்போதும் போகிறேன். மாலையில் மட்டும், வாரத்துக்கு இரண்டு நாள். அண்ணாச்சியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் சுகர் உண்டு, நான் இதைத் தொடுறதே இல்ல” என்றார். எனக்கு இப்போது தனியாகக் கட்டன் போட்டுத் தருகிறார், துண்டு கருப்பட்டியையும் அவரே உடைத்து வைக்கிறார். பலகைதான் இன்னும் அப்படியே நிற்கிறது. பெயிண்டர் வரவில்லையாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைப் பெஞ்சில் உட்காரும் ஒருவன்,
நாகர்கோவில்.