இனி தேர்தலில் நிற்கவில்லை: எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

தொகுதி மக்களுக்கும், கட்சித் தோழர்களுக்கும், மாற்றுக்கட்சி நண்பர்களுக்கும் வணக்கம்.

தேர்தல் அரசியலிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. வருத்தப்பட்டவர்கள் பலர். ‘அப்பாடா’ என்றவர்களும் இருப்பார்கள், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேடையேறினால் முன்வரிசையில் இருப்பவர்கள் பெயரைத்தான் வாய் சொல்லும். அதனால் எழுதுகிறேன்.

சாலை, தெருவிளக்கு பற்றியெல்லாம் இதில் இருக்காது. அது மக்களின் வரிப்பணம், கல்வெட்டில் என் பெயர் இருப்பதே அதிகம். இந்த மடல் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களுக்கு. ஓட்டுக் கேட்கக் கட்சியில் கற்றுத்தருவார்கள். ஜெயித்த பிறகு என்ன செய்வது என்பதை நான் வேறு ஆட்களிடம்தான் படித்தேன்.

முதலில் என் வீட்டுக்காரர். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்தப் பங்கில் விழுந்தது. “எல்லாத்தையும் அவர் பார்த்துக்குவார், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்மா” என்று சொல்லித்தான் என்னை நிறுத்தினார்கள். ஜெயித்த மறுநாள் அவரைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்களிடம், “தலைவர் அடுப்படியில இருக்காங்க, இருங்க, வரச்சொல்றேன்” என்றார். அந்தப் பதவிக்காலம் முழுக்க அவர் ஊராட்சி அலுவலகப் படி ஏறவில்லை. எத்தனை ஊர்களில் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

அப்புறம் எங்கள் ஊராட்சி எழுத்தர் அண்ணன். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத்தலைவர் எதிரணி. பணம் நின்றுபோகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அண்ணன் பதறாமல் சொல்வார்: “சத்தம் போடாதீங்கம்மா. ஏன் போடலைன்னு எழுத்துல கேளுங்க. எழுத்துல கேட்டா எழுத்துல பதில் சொல்லணும்.” பிறகு கோட்டைக்குப் போனபோதும் இதை வைத்துத்தான் காலம் தள்ளினேன்.

2006-இல் சட்டமன்றத்துக்கு நின்றேன். அப்போது டெபாசிட் 5,000 ரூபாய், வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு 10 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கு கொடுத்தாக வேண்டும். காரணமில்லாமல் கொடுக்காதவர்களை மூன்று ஆண்டுக்குத் தகுதிநீக்கம் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியது கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ரசீது இல்லாத டீயை யாரும் குடிக்கக்கூடாது என்று தொண்டர்களுக்கு உத்தரவே போட்டார். அவரைத் திட்டாத தொண்டர் கிடையாது. கணக்குப் பார்வையாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, அதுவரை திட்டியவர்களே அவரைத் தோளில் தூக்காத குறை.

வாக்குச்சாவடிகளில் எனக்கு ஏஜெண்டாக உட்கார்ந்த அக்கா தங்கச்சிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அப்போது அந்த வேலைக்குப் பெண்களை அனுப்பும் வழக்கம் குறைவு. இருட்டோடு போய் மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்து, மாலையில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற கணக்கு இருக்கும் 17-சி படிவத்தின் நகலைக் கையில் வாங்காமல் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த படிவங்களும் உண்டு.

அந்த 13-வது சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆளுங்கட்சிக்கே 234-இல் 96 இடம்தான். அதனால் பேச்சும் கூச்சலும் கொஞ்சம் கூடுதல். எதிர்வரிசையில், அதுவும் பின்னால், எனக்கு இடம். முதல் கூட்டத்தொடரில் நான் வாயே திறக்கவில்லை. எப்போது எழுந்து நிற்பது, எதைச் சொல்லி எழுந்து நிற்பது என்றே பிடிபடவில்லை.

எனக்கு வெட்டுத் தீர்மானம் என்றால் என்ன என்று சொல்லித்தந்தவர் ஆளுங்கட்சி வரிசையில் இருந்த ஒரு மூத்த உறுப்பினர். இதைச் சொன்னால் இரண்டு கட்சியிலும் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சேப்பாக்கம் எம்எல்ஏ விடுதியில் ஒருநாள் காலை டிபன் சாப்பிடும்போது சொன்னார்: “ஒரு துறைக்குப் பணம் கேட்டு மானியக் கோரிக்கை வரும்போது அதுல 100 ரூபாயைக் குறைக்கணும்னு எழுதிக் கொடும்மா. அரசாங்கத்துக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா? ஆனா அந்த நூறைச் சாக்கா வச்சு உன் ஊர் ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லைங்கிறதை அவையில பதிவு பண்ணலாம்.” தீர்மானம் தோற்கத்தான் போகிறது என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என் நூறு ரூபாயைத் தோற்கடித்தவர்களில் அவரும் ஒருவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வந்துவிட்டார், அது வேறு கதை.

பேரவை நூலகத்து ஊழியர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் பெரிய கண்மாயின் மடை உடைந்துகிடப்பது பற்றிக் கேள்வி தயாரிக்கப் போயிருந்தேன். பழைய நடவடிக்கைக் குறிப்புத் தொகுதி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார் ஓர் ஊழியர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்வி. அதே கண்மாய், அதே மடை. பதில்: ‘பரிசீலனையில் உள்ளது.’ அமைச்சரை அவையில் பதில் சொல்ல வைக்கும் கவன ஈர்ப்பை விதி 55-இன் கீழ்க் கொடுத்து அந்தப் பதிலை அப்படியே வாசித்தேன். அவையே சிரித்தது, அமைச்சரும்தான். சிரித்த பிறகு ‘பரிசீலனை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தேதி சொன்னார். வேலை அந்தத் தேதிக்கு முடியவில்லை, ஆனால் முடிந்தது.

சுருக்கெழுத்து நிருபர்களுக்கும் கும்பிடு. கூச்சலுக்கு நடுவில் நான் பாதியில் விட்ட வாக்கியங்களைக்கூட அவர்கள் ஒழுங்காகப் பிடித்துவைத்திருப்பார்கள். 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்கு அவை மாறியபோது நாங்கள் எல்லாம் வழி தெரியாமல் திணறினோம். அவர்கள் முதல் நாளே தங்கள் இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே அவை பழையபடி கோட்டைக்குத் திரும்பிவிட்டது, எங்கள் தொகுதியோ திரும்பவேயில்லை. எல்லைகளை மாற்றி வரைந்த 2008 தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போன தொகுதிகளில் அதுவும் ஒன்று.

ஒரே தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்த கிராமங்கள் ஆளுக்கொரு தொகுதியில் விழுந்தன. 2011-இல் புதுத் தொகுதியில் நின்றேன், தோற்றேன். தோற்ற மறுநாள் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி மனுவோடு உட்கார்ந்திருந்தார். “நான் இப்ப எம்எல்ஏ இல்லை ஆத்தா” என்றால், “அதனால என்ன, எழுதத் தெரியும்ல?” என்கிறார். அன்றைக்கு எழுதத் தொடங்கிய மனுக்கள் இன்னும் நிற்கவில்லை. அந்தப் பாட்டிக்கு நன்றி. மனுக்களை நகலெடுத்து, எண் போட்டு, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கிடக்கிறது என்று இன்றுவரை மனப்பாடமாகச் சொல்லும் என் உதவியாளர் தம்பிக்கும் நன்றி. அவனுக்குச் சம்பளம் சரியாகக் கொடுத்த மாதங்கள் குறைவு.

எனக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, வேலை என்றதும் கூச்சப்படாமல் என்னிடமே வந்தவர்களுக்கு நன்றி. வரிசையில் உங்களைத் தனியாக நிறுத்தியதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் பெயர் எதுவும் போடவில்லை. பலர் வேண்டாம் என்றார்கள், சிலர் இன்னும் அரசு வேலையில் இருக்கிறார்கள். விடுபட்டவர்கள் நேரில் வந்து திட்டலாம். காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் காபி உண்டு, அதற்குப் பிறகு மனு எழுத ஆள் வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்