கிழிந்த ஷூ அப்பரும் வாய் திறக்காத லைனும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் விடிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்கும் எங்களுக்கு இது இன்னும் ஒரே வட்டாரம்தான். ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்து, அப்புறம் தரம் பார்க்கும் கியூசிக்கு வந்தவள் நான்.

'டீம் ஒர்க்' என்ற பேச்சு இப்போது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. ஏலகிரிக்கு டூர், ஒரே நிற டீ-ஷர்ட், கயிறு இழுக்கும் போட்டி. வேண்டாம் என்று சொல்லவில்லை, பிரியாணி நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை லைனுக்கு வந்து பாருங்கள்.

தோல் துண்டின் ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங்கில் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டார்கள் என்று வையுங்கள். துண்டைத் தொட்டதுமே தைக்கிற பெண்ணின் விரலுக்குத் தெரிந்துவிடும். சொன்னால், "கண்ணை எங்கடி வச்சிருந்த?" என்று லைனே கேட்கும்படி சூப்பர்வைசர் கத்துவார். ஸ்கைவிங் ஆள் தன்மேல் பழி போடுவதாகச் சண்டைக்கு வருவார். அந்த மணி நேரத்து டார்கெட்டும் போச்சு. அதனால் பேசாமல் தைத்து, கட்டின் நடுவில் செருகி அனுப்பிவிடுவாள். லாஸ்டிங்கில் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, கால் வடிவ அச்சில் ஏற்றி இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில் கிழியும். அதற்குள் லைனிங், ஒட்டு, தையல் என்று எத்தனை பேர் உழைப்பு அதில் ஏறியிருக்கும்! அவளை என்ன சொல்ல முடியும்? வாய் திறந்தால் வம்பு என்று தினமும் பார்க்கிறாளே.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வேறு மாதிரி ஒரு கயிறு உண்டு. கோளாறைக் கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே உதவிக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைக் கவனித்தார். நல்ல குழுக்களில்தான் பிழைக் கணக்கு அதிகமாக இருந்தது. விசாரித்தால், அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ரிஜிஸ்டரில் ஒரு லைனில் குறையே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மெஷின் ஓடும் முன் ஐந்து நிமிடம், சம்பள நேரத்துக்குள்ளேயே, கட்டிங் முதல் லாஸ்டிங் வரை பிரிவுக்கு ஒருவர் நின்று, முந்தின நாள் ரிஜெக்ட்டைக் கையில் வைத்துப் பேசட்டும். குறையைச் சொன்னவர் பெயரில் அந்த ரிஜெக்ட்டை எழுதாதீர்கள். புதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பவளின் டார்கெட்டை அந்த வாரத்துக்காவது குறையுங்கள். இப்போது கற்றுக்கொடுப்பதே தண்டனை மாதிரி இருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து பேசும் ஒர்க்ஸ் கமிட்டி என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே வந்த ஏற்பாடு. அது நோட்டீஸ் போர்டில் தொங்கினால் போதாது, கூட வேண்டும்.

சூப்பர்வைசர் விஷயம்தான் முக்கியம். சத்தம் போடுகிறவர் வேலை வாங்குவார் என்ற கணக்கை விடுங்கள். எந்த மேஜைக்குப் பெண்கள் தாங்களாகவே துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுங்கள் அந்தப் பதவியை.

இப்படிக்கு,
ஒரு கியூசி ஊழியர், ஆம்பூர்