குழுவில் செய்தி பகிரும்முன்: பொஃப்மா பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம். பொஃப்மா என்பது இணையத்தில் பொய்த் தகவல் பரவுவதைத் தடுக்கும் சிங்கப்பூர்ச் சட்டம். வாட்ஸ்அப் போன்ற மூடிய குழுக்களும் அதற்குள் வரும். 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளது. அரசாங்கத்தைத் திட்டுவதை அது தடுக்கவில்லை. கருத்து, விமர்சனம், நையாண்டி எல்லாம் சட்டத்துக்கு வெளியே. 'பேருந்துக் கட்டணம் அநியாயம்' என்பது கருத்து. 'நாளை முதல் கட்டணம் இரட்டிப்பு' என்பது தகவல். பொய்யென்றால் சிக்கல் அங்கேதான்.

அதிகம் வருவது திருத்த உத்தரவு. பொய்யென்று தெரியாமல் பகிர்ந்தவருக்கும் வரலாம். பதிவை நீக்கச் சொல்வதில்லை, திருத்தக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லும். மறுத்தால் தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முறையீடு முதலில் அமைச்சரிடம், பிறகுதான் உயர் நீதிமன்றம். முறையீடு முடியும்வரை உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும். எது பொய்யென்று முதலில் சொல்பவர் நீதிபதியல்ல, அமைச்சர் என்பதே எங்களுக்கு உறுத்தல். தேர்தல் காலத்தில் மட்டும் அந்தப் பொறுப்பு மூத்த அரசு ஊழியர்களுக்குப் போகும்.

இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி ஐந்து கைகளாவது மாறி வந்தது. மூல இணைப்பு இல்லையென்றால் இங்கே போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மூலமாகாது, தேதியை வெட்டிவிட்டுப் பழைய செய்தியைப் புதிதாக்குவது அதில்தான் சுலபம். சந்தேகமிருந்தால் அட்மினிடம் தனியாகக் கேளுங்கள்.