குளிர்நாட்டு மரங்களும் உதகைப் பூங்காவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் செர்ரி, மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களையும் புதர்ச்செடிகளையும் நிறைய நடலாமே என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் அந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அது அயல்நாட்டுச் செடிகளைப் பழக்கிப் பார்க்கும் இடம்தான் என்பதால், அந்த வாசகரின் ஆசை புதிதன்று. ஊட்டியில் குளிர் இருக்கிறது, ஆகவே குளிர்நாட்டு மரம் வளரும் என்கிற கணக்குதான் எனக்கு உடன்பாடில்லை.

அம்மரங்களுக்கு இலையை உதிர்த்துவிட்டுப் பல வாரங்கள் உறங்குவதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். உறங்கவும் விழிக்கவும் நேரம் காட்டுகிற பகற்பொழுதின் ஏற்றத்தாழ்வும் வேண்டும். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய 9 மணி நேர வேறுபாடு உண்டு. உதகையில் அது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஜனவரி விடியலில் இங்கே புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். பதினோரு மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஆப்பிள் மரத்தில் ஒரு கிளை பூத்திருக்கையில் அடுத்த கிளை மொட்டையாக நிற்கிறது. மற்றொன்றில் நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை. பருவம் தவறி டிசம்பரில் விட்ட தளிர் ஒரே இரவில் கருகிப்போகிறது. பனிக்காலத்தில் பூங்காத் தொழிலாளர்கள் மிலார்ச் செடிகளை வெட்டி வந்து நாற்றுகளுக்குக் கூரை போல மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

இவையெல்லாம் பிழைக்காத செடிகளின் கதை. போனால் கன்றின் விலையோடு போயிற்று. நன்றாகப் பிழைத்துக்கொள்கிறவைதான் என் கவலை. கற்பூர மரம் என்று நாம் அழைக்கும் யூகலிப்டஸும், சீகை எனப்படும் வாட்டில் மரமும் இம்மலையின் புல்வெளிகளை எப்படி விழுங்கின என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் பூப் புதரான ஸ்காட்ச் புரூமை வெயில் ஏறிய நண்பகலில் அருகே நின்று கவனித்தால், காய்ந்த நெற்றுகள் படபடவென்று வெடித்து முறுக்கிக்கொள்வதும் விதைகள் தெறிப்பதும் காதிலேயே விழும். அவ்விதைகள் பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடப்பதால், புதரை ஒருமுறை வெட்டியதோடு வேலை தீர்வதில்லை. இத்தகைய அயல்தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்திருக்கும்போது, அடுத்த புரூமை நாமே பாத்தி கட்டி வளர்க்கக் கூடாது.

ஆகவே, புதிதாக வரும் எந்தச் செடியையும் முதலில் தொட்டியில் சில ஆண்டுகள் வைத்து, அது விதை கட்டுகிறதா, கனியைப் பறவைகள் தின்கின்றனவா என்று பார்த்த பிறகே தரையில் இறக்க வேண்டும். பறவைகள் விரும்பும் சிவப்புக் கனிகளைக் கொண்ட கோட்டோனியாஸ்டர் போன்றவற்றைத் தவிர்ப்பதே நல்லது. இரவில் குளிர்காற்று சரிந்து தேங்குகிற கீழ்ப்பகுதியைவிட மேட்டுச் சரிவில் தளிர்கள் தப்பும் என்பதையும் இடம் தேர்வு செய்கிறவர்கள் கருத வேண்டும்.

குளிர்மலை மரம்தான் வேண்டுமென்றால், இமயமலை ரோடோடென்ட்ரானின் நெருங்கிய உறவான காட்டுப் பூவரசு நம் சோலைகளின் ஓரத்திலேயே நின்று சிவக்கச் சிவக்கப் பூக்கிறது. அதற்கு மிலார்க் கூரை தேவையில்லை. பூங்காவில் ஒரு சரிவு முழுவதையும் அதற்கு ஒதுக்குமாறு தோட்டக்கலைத் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
உதகமண்டலம்.