மாத்திரை முடிந்த பிறகும் மூச்சு வாங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மருந்துகளைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்டுரையில், அவற்றை நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமாகலாம் என்று சென்னையிலேயே நிறுவிக் காட்டிய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் பெயர் இல்லை. காசநோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் களப்பணியாற்றியவன் என்ற முறையில் அது எனக்கு வருத்தமளித்தது.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்துக்குத் தலைமையேற்க பிரிட்டனிலிருந்து வந்தவர் அவர். அன்று காசம் என்றால், நோயாளிகள் நீண்டகாலம் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையான சானடோரியம்தான். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. படுக்கை கிடைக்காத ஏழைகள் வீட்டில் இருமிக்கொண்டே கிடந்தார்கள். ஃபாக்ஸின் குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீடுகளிலோ நெரிசலும் அரைவயிற்றுக் கஞ்சியும். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இம்முடிவுகள் வெளியானபின், சானடோரியம்தான் ஒரே வழி என்ற எண்ணம் உலகெங்கும் தளர்ந்தது.

நோயாளி மருந்தை விழுங்கியிருப்பார் என்று அந்தக் குழு வெறுமனே நம்பிவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நாங்கள் பின்னாளில் செய்த வேலையின் வேர் அதுவே. லண்டன் திரும்பிய பிறகு ஃபாக்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகளை வழிநடத்தி, ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் துணையோடு ஆறு மாதமாகக் குறைப்பதில் பெரும்பங்காற்றினார். 2010இல் அவர் மறைந்தார்.

ஆனால் அந்த ஆய்வுகளின் முதன்மையான கேள்வி, கிருமி ஒழிந்ததா என்பதுதான். கிருமி ஒழிந்த பிறகும் பலரது நுரையீரலில் தழும்பும் குழியும் தங்கிவிடுகின்றன. என் அத்தையின் சிகிச்சை அட்டையில் 'குணமடைந்தார்' என்று எழுதி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் திண்ணையில் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிய பிறகுதான் உள்ளே போகிறார். திரும்பவும் டிபி வந்துவிட்டதோ என்று பயந்து மூன்று முறை சளிப் பரிசோதனைக்குப் போனார். சளியில் கிருமி இல்லை என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, நுரையீரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆகவே, சிகிச்சையை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் அட்டையை மூடும் அன்றே, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்யவும், தேவைப்படுவோருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கவும், ஓராண்டு கழித்து மீண்டும் அழைத்துப் பார்க்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசநோய்ப் பிரிவுக் களப்பணியாளர்,
மதுரை