சொக்கு வீட்டுத் தேக்கு மேடை

ஓடென்சே, டென்மார்க்
நவம்பர்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சர்க்கரை இறங்கியிருப்பதில் ரொம்பச் சந்தோஷம். வெந்தயமா நடையா, எதனால் இறங்கியது என்று ஆராயாதே. இரண்டையும் விடாமல் செய். பரமசிவம் மகள் கல்யாணப் பத்திரிகை எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. தை மாதம் சரசுவுக்கு முழங்கால் அறுவை இருப்பதால் வர வழியில்லை. என் பெயரில் மொய் எழுதிவிடு, கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி உன் வழக்கு. ஐயா வீட்டைப் பிரித்ததில் உன் பங்குக்கு வந்த பர்மா தேக்கு உத்தரத்தை அறுத்து, கோயம்புத்தூர் வீட்டுக்குச் சமையல் மேடையாகப் போட வேண்டும் என்பது உன் ஆசை. மீனாளுக்குக் கறுப்பு கிரானைட். பல வருஷமாக ஓக் மர மேடையில் சமைக்கிறவன் என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். என் தீர்ப்பு பாதிக்கு மேல் மீனாள் பக்கம்தான். சிங்க்கைச் சுற்றியும் அடுப்பைச் சுற்றியும் கல் போடு. காய் நறுக்கவும் மாவு பிசையவும் ஒரு நீளம் ஒதுக்குவீர்களே, அங்கே தேக்கைப் போடு.

இங்கே மர மேடை ஒன்றும் அதிசயமில்லை. ஓக், பீச் என்ற இரண்டு மரங்களிலும் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். எங்கள் வீட்டிலும் வாங்கும்போதே ஓக் மேடை இருந்தது, சிங்க்குக்காக அதிலேயே ஓட்டையும் வெட்டியிருந்தார்கள். அந்த மேடையில் எனக்கு வேலை வைப்பது சிங்க் ஓட்டையை ஒட்டி இருக்கும் நாலு விரல் அகலம் மட்டும்தான். மரத்தின் தண்ணீர்க் குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே அறுத்த முகத்தில் அத்தனை வாயும் திறந்து கிடக்கும், தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிங்க் ஓட்டையின் இரண்டு பக்கமும் அப்படி அறுத்த முகங்கள்தான். முதலில் சாம்பல் நிறம் தட்டும், அப்புறம் கறுக்கும், அதற்குப் பிறகு நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். எங்கள் மேடை கறுப்பு வரை போய் நிற்கிறது. இது டேனிஷ் சமையலுக்கு என்று செய்த மேடை. நம் வீட்டில் அரிசி களைந்து, கீரை அலசி, இட்லிப் பானை கழுவி, குழாயடி எந்நேரமும் ஈரமாகத்தானே கிடக்கும்? தேக்கு ஓக்கைவிடத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

எண்ணெய் விஷயத்தில் நீ கேட்டதற்குப் பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம். ஆசாரி நல்லெண்ணெய் தடவச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அவர் கதவுக்குத் தடவிப் பழகியவர். மேடைக்கு வேண்டியது காற்றுப் பட்டுக் கெட்டியாகும் எண்ணெய். காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து, இழையோடு இழை பின்னி, மெல்லிய பிசின் மாதிரி மரத்துக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இந்தக் குணத்தை அயோடின் எண் என்று ஒரு கணக்கால் அளப்பார்கள். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 100-க்குக் கொஞ்சம் மேலே. தேங்காய் எண்ணெய் 10 பக்கத்திலேயே நின்றுவிடும், அதனால் அது என்றைக்கும் காயாது. மரத்துக்குள் கிடந்து காறல் வாடைதான் அடிக்கும். நல்லெண்ணெய் இரண்டுங்கெட்டான். எண்ணெய்த் தூக்கின் அடியில் கை வைத்தால் ஒட்டுமே ஒரு பிசுக்கு, துடைத்தாலும் போகாதது, அதுதான் பாதி காய்ந்த எண்ணெய். மேடை முழுக்க அந்தப் பிசுக்கோடு மீனாள் எப்படிச் சப்பாத்தி தேய்ப்பாள்?

ஆக, ஆளி விதை எண்ணெய். ஒன்றைக் கவனி. பெயிண்ட் கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று தருவதை வாங்காதே. சீக்கிரம் காய்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைக் கலந்திருப்பார்கள். கதவுக்கு நல்லது, சமைக்கிற இடத்துக்கு வேண்டாம். சமையலுக்கென்று விற்கும் செக்கு எண்ணெயே போதும். காய நாளாகும், உங்கள் ஊர் வெயிலுக்கு இங்கே ஆவதைவிடச் சீக்கிரம் ஆகும். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் லிக்விட் பாரஃபினையும் சிலர் தடவுவார்கள். அது கெடாது, வாடை வராது, ஆனால் காயவும் காயாது, கழுவக் கழுவப் போய்விடும். நறுக்கும் பலகைக்கு அது சரி. மேடைக்கு என்றால் மாதா மாதம் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூசுகிற விதத்தில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. உப்புத்தாளை 120, 180, 240 என்று வரிசையாகப் போட்டு (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்), இழை ஓடும் பக்கமாகவே தேய்க்கச் சொல். கடைசித் தாளுக்கு முன்னால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் ரோமம் எழுந்து நிற்கும், அதையும் தேய்த்துவிட்டால் பிறகு தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு வராது. தேக்குக்கென்று ஒரு தொல்லை உண்டு. அதற்குள்ளேயே எண்ணெய்ச் சத்து இருக்கிறது, மேலே பூசுகிற எண்ணெயைக் காயவிடாமல் அது இழுத்தடிக்கும். தேய்த்து முடித்த கையோடு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்து, ஆறப்போடாமல் அன்றே முதல் பூச்சைப் பூசிவிடு. எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றித் தேய்த்து, கால் மணி நேரமோ இருபது நிமிஷமோ ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடு. தொட்டால் கையில் ஒட்டவே கூடாது. நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்று நினைக்காதே. தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோம்? மெல்லிசாகத் தடவித் தடவித்தானே? ரசாயனமும் ஏறக்குறைய அதேதான், அங்கே சூடு செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, அப்படி நாலைந்து பூச்சு. அடிப்பக்கத்தை மறக்காதே. மேலே மட்டும் எண்ணெய் குடித்த பலகை ஒரு பக்கமாக வளையும்.

துடைத்த துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடம் எரிந்தது இப்படித்தான். மர வேலைக்காரர்கள் 22-வது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணியில் பிடித்த தீ எட்டு மாடிகளைத் தின்றது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்கிவிடு, இல்லாவிட்டால் மாடிக் கொடியில் விரித்துக் காயப்போடு. ஆசாரி கிளம்பும்போது நீயே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

அன்றாடச் சுத்தம் ரொம்பச் சின்ன வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணியால் இன்னொரு துடை. இங்கே மரச் சாமான்களுக்கு வெறும் சோப்புத் துருவலை வெந்நீரில் கரைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம். எண்ணெய் பூசாத பீச் மேஜைகூட அதில் வருஷக்கணக்கில் வெளுத்து அழகாக நிற்கும். கம்பி நார், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதையும் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். எலுமிச்சம்பழம் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பார்கள். ஆகும், அதோடு எண்ணெயும் தேய்ந்து போகும். மீனும் கறியும் எப்போதும் தனிப் பலகையில்.

கறைகளில் மஞ்சளை நினைத்து மீனாள் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். மஞ்சள்தான் எல்லாவற்றிலும் சாது. முதலில் சோப்புப் பட்டதும் கறை செக்கச் சிவப்பாக மாறும், பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிறதே, அதே கதைதான். சிவப்பு தானே தணியும். மிச்ச மஞ்சள் வெயிலில் நிற்காது, ஜன்னல் பக்கம் இருந்தால் சில நாளில் வெளுத்துவிடும். பயப்பட வேண்டியது இரும்புக்கு. ஓக்கில் துவர்ப்புச் சத்து நிறைய. ஈரமான தோசைக்கல்லை ராத்திரி வைத்துவிட்டால் காலையில் மை ஊற்றியது போலக் கறுப்பு வட்டம் இருக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டுக் கறுக்கிறதே, அதேதான். தேக்கில் ஓக் அளவுக்கு வராது. ஆனால் உன் உத்தரத்தில் பழைய ஆணி இருந்த இடங்களைப் பார், சுற்றிலும் கறுத்திருக்கும். எங்கள் மேடையில் விழுந்த வட்டத்தை ஆக்ஸாலிக் அமிலத் தூளைக் கரைத்துத் தடவி எடுத்தேன். அது விஷம். கையுறை போட்டுக்கொண்டு, பலமுறை கழுவித் துடைத்து, காயவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப எண்ணெய் போட்டேன். சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை. உங்கள் வீட்டில் இன்னும் பிரிமணை இருக்கிறதா?

மறுபடி எப்போது எண்ணெய் போடுவது என்பதற்குக் காலண்டர் பார்க்காதே. நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார். முத்தாக நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பரவி மரம் கறுத்தால் அன்றைக்குப் பூசு. நறுக்குகிற இடம் சீக்கிரம் கேட்கும், மூலையில் டப்பா வைக்கிற இடம் வருஷக்கணக்கில் கேட்காது. முழு மேடைக்கும் பூச வேண்டும் என்றும் இல்லை.

ஆசாரி பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டுவிடலாம், கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறாராமே. இருக்கும், கத்தி கீறும் வரைக்கும். கீறலுக்குள் தண்ணீர் இறங்கி, பாலிஷுக்கு அடியில் ஓடி, வெள்ளையாகத் தோல் உரிந்து வரும். அப்புறம் ஒரு இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுசாகச் சுரண்டியெடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எண்ணெய் மேடையில் உள்ளங்கை அகலம் கெட்டால் உள்ளங்கை அகலம் தேய்த்தால் போதும். ஆனால் ஒன்று, துடைக்கிற பழக்கம் வீட்டில் யாருக்கும் இல்லை, வேலைக்கு வருகிற அம்மாவும் கம்பி நாரை விடமாட்டார் என்றால் மரமே வேண்டாம், முழுக்கக் கல்லே போட்டுவிடு. அந்தத் தேக்கில் ஊஞ்சல் பலகை செய்துகொள். கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் மீனாளுக்கும் நடுவில் இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அறுவை மில்லுக்கு அனுப்புமுன் உத்தரத்தை ஆணி இல்லாமல் பார்த்துக் கொடு. ஒரு பழைய ஆணி போதும் ரம்பப் பல்லைக் காலி செய்ய, மில்காரர் உன்னிடம்தான் வசூலிப்பார். பழைய பெயிண்ட் ஏறியிருந்தால் உப்புத்தாள் போடாதே. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும், தேய்த்தால் தூளாக மூச்சில் போகும். இழைப்புளியால் சீவியெடுத்து, சீவலைக் கூட்டி மூட்டை கட்டச் சொல். பலகையை மேடைக் கட்டையோடு முடுக்கும்போது திருகாணித் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி விட வேண்டும். பலகை நீளத்தில் அசையாது, அகலத்தில் மழைக்காலத்தில் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். அசைய இடம் கொடுக்காமல் இறுக்கினால் வைரம் பாய்ந்த பர்மா தேக்கும் வெடிக்கும். கல்லும் மரமும் சேர்கிற இடத்தில் சிமெண்ட் பூசாமல், நூலளவு இடைவெளி வைத்து அதில் சிலிக்கோன் பசை விடு.

பலகை எத்தனை அங்குலக் கனம் வருகிறது, நறுக்கும் இடம் ஜன்னலுக்கு எந்தப் பக்கம் என்று எழுது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் பார். எதிர்காலத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் தாங்கும். இங்கே இப்போது கடைகளில் விற்கும் மேடைகள் பல மரத்தூள் பலகை மேல் மூன்று மில்லிமீட்டர் ஓக் ஒட்டியவை, இரண்டு தடவை உப்புத்தாள் போட்டால் தூள் தெரிந்துவிடும். அதை வாங்கிய பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் எங்கள் பழைய மேடையைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

சரசு மீனாளிடம் மணத்தக்காளி வற்றல் கேட்கச் சொன்னாள். கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிற இங்கத்திய ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம். அவர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு